கோடை விடுமுறை: மூன்றாம் மாடி வீட்டுப் பிள்ளைகளுக்கு இயற்கையை எப்படிக் காட்டுவது?

வெயில்நிழல் (இழையைத் தொடங்கியவர்), திங்கள் காலை 6.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. பள்ளி விடுமுறை விட்டுப் பத்து நாள் ஆகிறது. வெயிலுக்குப் பயந்து திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் எங்களால் ஒதுக்க முடியும்.

நேற்று மத்தியானம் மகள் என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டாள். ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயின் நுனியை ஒரு சிட்டுக்குருவி எட்டி எட்டிப் பிடித்து, சொட்டுகிற தண்ணீரை அலகில் வாங்கிக்கொண்டிருந்தது. "இதுக்கு வேற எங்கேயும் தண்ணி கிடைக்காதாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இரவெல்லாம் அந்தக் கேள்வியே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பணம் போட்டு எதையும் வாங்கிக் குவிக்க விருப்பமில்லை. தண்ணீர், மின்சாரம், குப்பை மூன்றையும் குறைக்க வேண்டும். பிள்ளைகள் மண்ணைத் தொட்டு, பறவையைப் பார்த்து வளரவும் வேண்டும். சின்ன பால்கனிதான் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

தொட்டிச்செடி, திங்கள் காலை 7.25

உங்கள் மகளே வழி காட்டிவிட்டாள் அக்கா. தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள்.

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற மண் தட்டு ஒன்று போதும். ஆழம் ஒரு அங்குலம், மிஞ்சினால் இரண்டு. எவர்சில்வர் வேண்டாம், வெயிலில் சுடும். வழவழப்பான பீங்கானில் பறவைக்குக் கால் வழுக்கும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே தலை நீட்டுகிற மாதிரி நாலைந்து கூழாங்கல் போடுங்கள். தேனீக்கள் அதில் உட்கார்ந்து முழுகாமல் குடிக்கும். தட்டு நிழலில் இருக்கட்டும்.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அந்த மூச்சோடு உடம்பின் ஈரமும் போய்விடும். கோடையில் அதற்குத் தண்ணீர் அவ்வளவு அவசரமாகத் தேவைப்படுவது இதனால்தான்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வேலையைப் பெரியவர்கள் செய்யாதீர்கள், மகளிடம் ஒப்படைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் முதல் ஐந்து நாள் ஒரு பறவைகூட எட்டிப் பார்க்கவில்லை. என் பையன் தினமும் தண்ணீரை மாற்றி மாற்றி, அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். ஆறாம் நாள் காலையில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. எங்கள் எல்லோரையும் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினான்.

நாலுபேர்வீடு, திங்கள் காலை 7.50

நல்ல யோசனைதான். ஆனால் தேங்கிய தண்ணீர் என்றால் கொசு வருமே? எங்கள் குடியிருப்பில் இதற்காகவே தட்டு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஓய்வுவாத்தியார், திங்கள் காலை 8.30

நியாயமான பயம் தம்பி. கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வெயில் காலத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும். தினமும் தண்ணீரைக் கொட்டி மாற்றினால் அந்தச் சுற்று முடியவே முடியாது.

ஆனால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஓரத்தில் முட்டையை ஒட்டிவைக்கும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். அதனால் தேங்காய்நாரோ பழைய பிரஷ்ஷோ வைத்து ஓரத்தை நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள். சோப்பு வேண்டாம். இதைக் குடியிருப்பில் விளக்கிச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். தட்டை விடக் கவனிக்காமல் கிடக்கிற பழைய டயரும் உடைந்த வாளியும்தான் ஆபத்து.

தேனீ விஷயத்திலும் ஒன்று. அவை குடிக்க மட்டும் தண்ணீர் எடுப்பதில்லை. கூட்டுக்குக் கொண்டுபோய்ச் சின்னச் சின்னத் துளிகளாகப் பரப்பி, இறக்கையால் விசிறும். தண்ணீர் ஆவியாகும்போது கூடு குளிரும். புழுக்கள் வளரும் பகுதியை 34, 35 டிகிரி செல்சியஸ் அளவிலேயே அப்படித்தான் காப்பாற்றுகின்றன. பிள்ளைகள் நனைந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மின்விசிறி முன்னால் நின்று பார்க்கட்டும். தேனீ செய்வது என்ன என்று உடனே பிடிபட்டுவிடும்.

பயணப்பை, திங்கள் மதியம் 1.10

இதெல்லாம் சரி. ஆனால் பால்கனியில் தட்டு வைத்தால் இயற்கை வந்துவிடுமா? நாலு நாள் மலைப் பக்கம் கூட்டிப் போங்கள், பிள்ளைகள் ஓடையைப் பார்க்கட்டும், காட்டுக்குள் நடக்கட்டும். இப்போது கோடை முகாம்கள் நிறைய நடக்கின்றன. நான் சின்ன வயதில் பார்த்த காட்டை இன்றைக்கும் மறக்கவில்லை.

கணக்குநோட்டு, திங்கள் மாலை 6.15

பயணப்பை அண்ணா, காட்டுக்குப் போக வாய்ப்பு கிடைத்தால் கட்டாயம் போகட்டும். ஆனால் இந்த அக்காவுக்கு இருப்பது தினமும் இரண்டு மணி நேரம். அதற்கு என்ன வழி என்றுதான் கேட்கிறார்.

2019-இல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு வெளிவந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, வயல், கடற்கரை என்று பசுமையான இடங்களில் இருப்பவர்கள், அப்படிப் போகாதவர்களை விட நலமாகவும் மனநிறைவாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த 120 நிமிடத்தை ஒரே தடவையில் செலவிட்டாலும் பிரித்துப் பிரித்துச் செலவிட்டாலும் வித்தியாசம் தெரியவில்லை. (நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.) தினமும் 20 நிமிடம் என்று வைத்தால் வாரத்துக்கு 140 நிமிடம் வந்துவிடுகிறது.

கண் விஷயத்தில் ஆதாரம் இன்னும் வலுவானது. சீனாவின் குவாங்சோ நகரில் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளைகளில் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 39 சதவீதத்துக்கும் மேல். 2015-இல் வெளியான முடிவு இது. எனக்கு 7 வயதில் ஒரு மகள் இருப்பதால் இதைத் தேடித் தேடிப் படித்தேன்.

ஆகவே காலை வெயில் ஏறுவதற்குள் பக்கத்துத் தெரு வரைக்கும் ஒரு நடை. தினமும் ஒரே வழியில் போங்கள். வழியை மாற்றாமல் போனால்தான் எது மாறுகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நேற்று மொட்டாக இருந்தது இன்று பூவாகியிருக்கும். வெயிலில் கிடக்கிற தரையையும் மரநிழலில் இருக்கிற தரையையும் புறங்கையால் ஒரு நொடி தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உச்சி வெயிலில் இந்த இரண்டுக்கும் 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை வித்தியாசம் இருக்கலாம். தொட்டுப் பார்த்த பிறகு மரத்தை வெட்டுவதைப் பற்றி நீங்கள் ஒன்றும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது.

வெயில்நிழல், திங்கள் இரவு 9.30

இவ்வளவு பேர் அக்கறையாக எழுதியதற்கு நன்றி. தட்டு வைத்துவிட்டோம். கல் பொறுக்கவே ஒரு மணி நேரம் ஆனது, இருவரும் போனைக் கேட்கவில்லை.

ஏசி பற்றித்தான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அதை நிறுத்தவும் முடியவில்லை, போடவும் மனமில்லை.

கணக்குநோட்டு, திங்கள் இரவு 10.05

உறுத்தல் வேண்டாம் அக்கா, கணக்குப் போடுங்கள். ஒன்றரை டன் ஏசி முழுவேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட் இழுக்கும். சாதாரண மின்விசிறி 75 வாட். ஏசி ஒரு மணி நேரம் ஓடுகிற மின்சாரத்தில் மின்விசிறி 20 மணி நேரம் ஓடும். இரண்டையும் சேர்த்துப் போட்டு ஏசியின் வெப்பநிலையை இரண்டு டிகிரி ஏற்றி வைத்தாலே உடம்புக்கு அதே சுகம் கிடைக்கும். மின்விசிறி அறையைக் குளிர்விக்காது, தோலின் மேல் காற்றை ஓட்டி நம்மைத்தான் குளிர்விக்கும். ஆளில்லாத அறையில் அது சுற்றுவது வீண். "அறையை விட்டுக் கடைசியில் வருகிறவர் நிறுத்த வேண்டும்" என்பதை உங்கள் மகனுடைய பொறுப்பாக்குங்கள். 5 வயதுப் பிள்ளைகள் இந்த மாதிரிக் காவல் வேலையை மிகவும் நேர்மையாகச் செய்வார்கள்.

வெயிலை ஜன்னலுக்கு வெளியிலேயே தடுத்துவிடுங்கள். கண்ணாடியைத் தாண்டி வெளிச்சம் உள்ளே வந்தபிறகு திரைச்சீலை போட்டால் சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. வெளிப்பக்கம் ஒரு பாய், ஒரு தட்டி, கொடி படர்ந்த ஒரு கயிறு எது இருந்தாலும் நல்லது. இரவில் வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. காற்றின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மின்விசிறியை நம்ப வேண்டாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அந்தக் காற்று உடம்பை இன்னும் சூடாக்கும். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருக்கிற வீட்டில் அப்படிப்பட்ட நாளில் ஏசி போடுவது தவறே இல்லை.

அப்புறம், அந்தக் குருவி குடித்த ஏசித் தண்ணீர். கீழே ஒரு வாளி வையுங்கள். காற்றிலிருந்து பிரிந்த தண்ணீர் என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு. செடிக்கும் தரை துடைக்கவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இயந்திரத்துக்குள் அழுக்கிலும் தூசியிலும் பட்டு வருவதால் குடிக்க மட்டும் ஆகாது, பறவைத் தட்டிலும் ஊற்ற வேண்டாம். வாளியில் அளவுக்கோடு போட்டு மகள் தினமும் எழுதி வரட்டும்.

சொட்டுகிற குழாய் ஏதாவது இருந்தால் அதற்கும் இப்படி ஒரு விளையாட்டு உண்டு. அடியில் ஒரு டம்ளரைப் பத்து நிமிடம் வைத்து, சேர்ந்த தண்ணீரை அளந்து 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு. 40 மில்லி சேர்ந்தால்கூட நாளொன்றுக்கு ஐந்தே முக்கால் லிட்டர்.

சிட்டுக்கூடு, செவ்வாய் காலை 6.20

பறவைகள் வர ஆரம்பித்துவிட்டால் அடுத்து ஒன்று நடக்கும். வெயிலில் மயங்கிய பறவையோ கூட்டிலிருந்து விழுந்த குஞ்சோ பிள்ளைகள் கண்ணில் படும். அதற்கு முன்னாலேயே இதைப் படித்துவிடுங்கள். நான் படிக்காமல் போனதால் எழுதுகிறேன்.

போன கோடையில் எங்கள் படிக்கட்டில் ஒரு குஞ்சு விழுந்து கிடந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. பாவம், தாகம் என்று நினைத்து அலகைப் பிரித்து மருந்துக் குழலால் தண்ணீர் விட்டேன். என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நிமிடத்தில் அது அடங்கிவிட்டது. பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய், நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால் நேராகத் திறந்திருக்கும். நாம் ஊற்றுகிற தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். பிறகு ஒரு கால்நடை மருத்துவர்தான் இதைச் சொன்னார். மகனிடம் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொன்னேன். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இப்போது நாங்கள் செய்வது இது. மயங்கிய பறவை என்றால், காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் மெல்லிய துணி விரித்து, அதை உள்ளே விட்டு, நிழலான சத்தமில்லாத இடத்தில் வைப்போம். பக்கத்தில் ஆழமில்லாத மூடியில் தண்ணீர். தெளிந்தால் தானே குடிக்கும். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் தேறாவிட்டால் மருத்துவரிடம் போவோம்.

குஞ்சு என்றால் முதலில் இறகைப் பார்க்க வேண்டும். இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கிறது என்றால் அது பறக்கப் பழகுகிற குஞ்சு. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை, வண்டி வராத புதர் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு விலகிவிடுங்கள். இறகில்லாத வெறும் குஞ்சு என்றால் கூட்டிலேயே திருப்பி வைக்கலாம். "மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது" என்று நாமெல்லாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம், அது உண்மையில்லை. வாசனையை வைத்துக் குஞ்சை ஒதுக்குகிற வழக்கம் பறவைகளுக்கு இல்லை.

நாலுபேர்வீடு, செவ்வாய் காலை 9.00

சிட்டுக்கூடு அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. நானும் அப்படித்தான் தண்ணீர் விட்டிருப்பேன்.

என் கவலை வேறு. என் பெண்ணுக்கு 14 வயது. குருவி, தட்டு என்றால் "இதெல்லாம் சின்னப் பிள்ளை வேலை" என்கிறாள். போனை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

இரவுவானம், செவ்வாய் இரவு 11.15

பெரிய பிள்ளைகளுக்கு இரவு பிடிக்கும். பகலெல்லாம் வெயில் என்று புலம்புகிற நாமும் இரவை மறந்துவிடுகிறோம்.

மொட்டைமாடியில் விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். நடுவில் ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். என் மகனிடம் இதை விதியாகச் சொல்லாமல் சவாலாகச் சொன்னேன். அரை மணி கழித்து, முதலில் தெரியாத நட்சத்திரங்களை அவனே எண்ண ஆரம்பித்தான்.

சில்வண்டுச் (சுவர்க்கோழிச்) சத்தம் கேட்டால் இன்னொரு வேலை இருக்கிறது. 1897-இல் ஏமோஸ் டால்பியர் என்ற அமெரிக்க இயற்பியலாளர், சில்வண்டு எவ்வளவு வேகமாகச் சத்தம் போடுகிறது என்பதை வைத்து வெப்பநிலையைக் கணக்கிட ஒரு சூத்திரம் எழுதினார். அதன் உடம்புச் சூடு காற்றின் சூட்டைப் பொறுத்தது, வெப்பம் கூடக்கூடத் தசைகள் வேகமாக இயங்கும். சூத்திரம் இனத்துக்கு இனம் மாறும். அதனால் உங்கள் பெண்ணே தன் மாடிக்கு ஒரு சூத்திரம் கண்டுபிடிக்கட்டும். ஒரே வண்டின் சத்தத்தை ஒரு நிமிடம் எண்ணி, பக்கத்தில் வெப்பமானியின் அளவை எழுத வேண்டும். பத்து இரவு போதும், வரைபடம் போட்டுப் பார்க்கலாம்.

போனை எதிரியாக்க வேண்டாம். ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலி, 2008-இல் கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் இணையதளமாகத் தொடங்கியது. பூச்சியையோ செடியையோ படம் பிடித்துப் போட்டால் உலகெங்கிலும் உள்ளவர்கள் பார்த்துப் பெயரை உறுதி செய்வார்கள். வீட்டு இருப்பிடம் தெரியாமல் மறைத்து வைக்கும் வசதியும் உண்டு, அதை முதலிலேயே போட்டுவிடுங்கள். என் மகன் வெள்ளைத் துணி கட்டி, பின்னால் விளக்கு வைத்து, அதில் வந்து உட்காரும் அந்துப்பூச்சிகளைப் படம் எடுக்கிறான். ஒரு மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுவோம். வெளிச்சத்தில் சிக்கிய பூச்சிக்கு அன்றைய இரவின் இரையும் இணையும் போய்விடும் என்பது அவன் படித்துச் சொன்னதுதான்.

ஈரமண், புதன் காலை 7.05

குப்பை பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். சமையலறைக் குப்பையை வீட்டிலேயே உரமாக்கிவிடலாம். அதற்கு ஓட்டை போட்ட பழைய வாளி ஒன்று, மூடி ஒன்று. சமையலறைக் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த இலையும் கிழித்த அட்டையும் இரண்டு மூன்று பங்கு. இந்த விகிதத்தில் கஞ்சத்தனம் செய்தால்தான் நாற்றம் வரும். கோடையில் சீக்கிரம் காய்ந்தும்விடும். கையில் பிடித்துப் பார்த்தால் பிழிந்து வைத்த பஞ்சு மாதிரி இருக்க வேண்டும்.

வெயில் காலத்தில் உள்ளே சாம்பல் நிறப் புழுக்கள் நெளியலாம். பயந்து கொட்டிவிடாதீர்கள். கருப்புப் படைவீரன் ஈ என்ற பூச்சியின் புழு அது. கழிவை அசுர வேகத்தில் தின்று தீர்க்கும். வளர்ந்த ஈ கடிக்காது, கொட்டாது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதற்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

தொட்டிகளில் மண்ணை வெறுமையாக விடாதீர்கள். இரண்டு மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். வெளியூர் போகிறீர்கள் என்றால் பூச்சு இல்லாத சின்ன மண்பானையைத் தொட்டிக்குள் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிடுங்கள். மண் காயக்காயப் பானைச் சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்து வேருக்குப் போகும். ஈராயிரம் வருடத்துக்கு முன்னாலேயே சீன உழவு நூலில் எழுதி வைத்த முறை இது.

வெயில்நிழல், மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை 8.00

சொன்னபடி வந்துவிட்டேன். எல்லாம் நடந்ததா என்றால் இல்லை. உர வாளி இரண்டு தடவை நாறியது, அட்டையைக் கூட்டிய பிறகு சரியானது. ஏசியை மத்தியானம் மட்டும் போடுகிறோம். காலை நடையில் வாரத்துக்கு நாலு நாள் தேறுகிறது. மகன் பறவைகளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவனுக்குப் புழுக்கள்தான், ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறான்.

எங்கள் தட்டுக்கு முதல் விருந்தாளி ஒன்பதாம் நாள்தான் வந்தது. மகள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். போன வாரம் அதில் எழுதியிருந்தது: "குருவி ஒரு வாய் எடுத்து மேலே பார்க்குது, மறுபடி ஒரு வாய். புறா தலையைத் தூக்கவே இல்லை, உறிஞ்சிக் குடிக்குது." இத்தனை வருடம் புறாவைப் பார்த்திருக்கிறேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை. வாத்தியார் ஐயா, இது சரிதானா?

ஓய்வுவாத்தியார், ஞாயிறு காலை 8.40

முழுக்கச் சரி அம்மா. புறா இனம் அலகைத் தண்ணீரில் வைத்தபடியே உறிஞ்சும். பெரும்பாலான பறவைகள் தலையை அண்ணாந்துதான் விழுங்கும். குழந்தையிடம் நான் மெச்சினேன் என்று சொல்லுங்கள். அந்த நோட்டில் தேதியும் நேரமும் தவறாமல் எழுதச் சொல்லுங்கள்.

வெயில்நிழல், ஞாயிறு இரவு 9.10

சொன்னேன் ஐயா. பழைய பக்கங்களுக்கும் ஞாபகப்படுத்தி நேரம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

நாளை முதல் ஒரு வாரம் பாட்டி வீட்டுக்குப் போகிறோம். தொட்டிகளில் மண்பானை புதைத்தாகிவிட்டது. தட்டுக்கு என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள், மகள் எதிர்வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்து ஒரு தாளும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அப்படியே இங்கே போடுகிறேன்:

"தினமும் காலையில ஆறரைக்குள்ள தண்ணி மாத்தணும். ஓரத்தைத் தேய்க்கணும். சோப்பு போடாதே. கல்லை மறுபடி உள்ள வைக்கணும், தேனீ வரும். காலு ஒண்ணு இல்லாத புறா வந்தா எத்தனை மணின்னு எழுதி வை."